மனநல மாத்திரையும் சுகரும்: மலையில இருக்கற குடும்பங்க அடிக்கடி கேட்கற கேள்விகள்

நான் டாக்டர் இல்ல. எங்க தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரலெல்லாம் காதுல கேட்கற மனநோய்), மாத்திரை ஓடிட்டிருக்கு, குன்னூர் பக்கம் இருக்கோம். இந்த மாத்திரை சாப்பிடறவங்க வீட்டு ஆளுங்க ஓபி வாசல்ல ஒண்ணா உட்கார்ந்தா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் எடையிலயும் சுகர்லயும்தான் வந்து நிக்கும். அப்படி திரும்பத் திரும்ப காதுல விழற கேள்விகளுக்கு டாக்டருங்க, நர்ஸுங்க சொன்னதையும் படிச்சதையும் வச்சு பதில் எழுதிருக்கேன். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனா மாத்திரை ஆரம்பிச்ச நாள்லருந்தே எடையும் சுகரும் அளக்காம விடவும் கூடாது.

மனநோய்க்கும் சுகருக்கும் என்னங்க சம்பந்தம்? ரெண்டும் வேற வேற வியாதிதானே?

நாமளும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா 1879லயே ஹென்றி மாட்ஸ்லின்னு ஒரு இங்கிலாந்து மனநல டாக்டர், மனநோய் இருக்கற குடும்பங்கள்ல சுகரும் அடிக்கடி தென்படுதுன்னு எழுதி வச்சிருக்காரு. அப்போ இந்த மாத்திரை ஒண்ணுமே கிடையாது, முதல் மாத்திரையான க்ளோர்ப்ரோமசின் வந்ததே 1952லதான். இன்னும் மாத்திரையே தொடாத, இப்பத்தான் நோய் ஆரம்பிச்ச ஆளுங்களுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தப்பவும் இன்சுலின் சரியா வேலை செய்யாத தன்மை மத்தவங்களை விட கொஞ்சம் அதிகமாவே இருந்திருக்கு. ஆக பரம்பரை, மன அழுத்தத்துல சுரக்கற கார்டிசோல், தூக்கம் கெடறது, வெளியவே போகாம படுத்திருக்கறது, பீடி, கிடைச்சதை சாப்பிடறது எல்லாம் சேர்ந்து ஒரு பாதி, மாத்திரை மீதி பாதி. மொத்தத்துல மனச்சிதைவு இருக்கறவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு. இந்தியாவுல ஏற்கனவே பத்து கோடிப் பேருக்கு சுகர் இருக்குன்னு 2023ல ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட சர்வே சொல்லுச்சு, அதுக்கு மேல ரெண்டு மூணு மடங்குன்னா பார்த்துக்கோங்க.

எந்த மாத்திரை சுகரை ஏத்துது? எல்லாமேவா?

எல்லாம் ஒரே மாதிரி இல்ல. க்ளோசபின், ஒலான்சபின் ரெண்டும் முதல் வரிசை. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன் நடுவுல. அரிப்பிப்ரசோல், லுராசிடோன், ஹாலோபெரிடால் இதெல்லாம் எடை விஷயத்துல கொஞ்சம் சாது. மூட் சரி பண்றதுக்கு கூட வேல்ப்ரோயேட் குடுத்திருந்தா அதுவும் எடை போடும், இதை நிறைய பேர் கணக்குலயே சேர்க்க மாட்டாங்க.

எப்படி ஏத்துதுன்னா, மூளையில ஹிஸ்டமின், செரட்டோனின் போய் ஒட்டற சில இடங்களை இந்த மாத்திரை அடைச்சுடும், அதனால வயிறு ரொம்பினாலும் போதும்ங்கற சேதி மூளைக்குப் போய்ச் சேராது. அதுக்கு மேல கணையத்துல இன்சுலின் சுரக்கச் சொல்ற வழியையும் க்ளோசபின், ஒலான்சபின் தொந்தரவு பண்ணுது, அதனாலதான் சிலருக்கு எடையே ஏறாம சுகர் மட்டும் ஏறுது. அமெரிக்காவுல 2005ல வந்த கேட்டின்னு ஒரு பெரிய ஆராய்ச்சியில ஒலான்சபின் சாப்பிட்டவங்க சராசரியா மாசம் 900 கிராம் எடை போட்டாங்க. நல்ல மாத்திரை, கெட்ட மாத்திரைன்னு பிரிக்க இதை சொல்லல, ஒலான்சபின்ல குரல் நின்னு நிம்மதியா தூங்கின ஆளை நான் தினமும் பார்க்கறேன்.

அப்போ பேசாம மாத்திரையை நிறுத்திட்டா சுகர் இறங்கிடுமில்ல?

நிறுத்தாதீங்க. சுகர் கொஞ்சம் இறங்கலாம், ஆனா நோய் திரும்ப வந்துடும், திரும்ப வர்ற ஒவ்வொரு தடவையும் பழைய நிலைமைக்கு வர்றதுக்கு நாள் கூடத்தான் ஆகுது. பின்லாந்து நாட்டுல வருஷக்கணக்குல ஆயிரக்கணக்கான பேரை தொடர்ந்து பார்த்துட்டு வந்ததுல மாத்திரையே சாப்பிடாதவங்களை விட சாப்பிட்டவங்கதான் அதிக நாள் உயிரோட இருந்திருக்காங்க, அதுலயும் எடை அதிகம் போட வைக்கிற க்ளோசபின் சாப்பிட்டவங்களோட நிலைமை நல்லாவே இருந்திருக்கு. இதைப் படிச்சப்ப எனக்கே ஆச்சரியம்தான்.

பேச வேண்டியது வேற. மாத்திரையை மாத்த முடியுமா, டோஸ் குறைக்க முடியுமா, கூட மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. முதல் தடவை நோய் வந்த சின்னப் பசங்களுக்கு ஆரம்பத்துலயே எடை போடாத மாத்திரையா பார்க்கலாமான்னு கேட்கறதுல தப்பே இல்ல. ஆனா மத்த எந்த மாத்திரைக்கும் நோய் அடங்காம கடைசியா க்ளோசபின்ல நின்ன ஆளுக்கு "மாத்துங்க"ன்னு நாமளா அடம் பிடிக்கக்கூடாது.

பையன் ராத்திரி பத்தரைக்கு எழுந்து சோத்துப் பானையைத் திறக்கறான். திட்டினா கோவம் வருது. என்ன பண்றது?

இது பேராசை இல்லம்மா, திட்டினா நிக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டு பத்து மணிக்குள்ள தூங்கலைன்னா பசி கிளம்பும், அந்த நேரத்துல அடுப்படியில என்ன கண்ணுல படுதோ அதுதான் உள்ள போகும், பழைய சோறு, பிரெட்டு, சர்க்கரை டப்பா, பக்கத்து வீட்ல குடுத்த ஜிலேபி. சமையல்கட்டுக்கு பூட்டுப் போடற வீடும் பார்த்திருக்கேன், அது வீட்டுக்குள்ள சண்டையைத்தான் கூட்டுது, அந்தாளு மறுநாள் பெட்டிக்கடையில கடன் சொல்லி பன் வாங்கித் தின்னுட்டு வர்றாரு.

எங்க வீட்ல வேலை செஞ்சது இதுதான். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையை சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்கப் போற நேரத்துக்கு தள்ளி வச்சோம். ராத்திரிக்கு மீதி சோறு வைக்கறதில்ல, அதுக்கு பதிலா ஒரு கிண்ணத்துல சுண்டல் இல்லன்னா வேகவச்ச பச்சைப் பட்டாணி, கொஞ்சம் மோர். சர்க்கரை டப்பாவை மேல் தட்டுல ஒளிச்சு வைக்கறதை விட வீட்டுக்கு வாங்கறதையே பாதியா குறைச்சுட்டோம், எல்லாரும் சேர்ந்துதான் குறைச்சோம், ஒருத்தரை மட்டும் குறி வச்சா அவங்களுக்கு அது அவமானமாத்தான் படும்.

என்னென்ன டெஸ்ட் எடுக்கணும், எப்பப்ப?

மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, முடியலைன்னா ஆரம்பிச்ச வாரத்துலயே எடை, இடுப்பு சுத்தளவு, பிரெஷர், வெறும் வயித்து சுகர் இல்லன்னா மூணு மாச சுகர்னு சொல்றாங்களே அந்த ஹெச்பிஏ1சி, கொழுப்பு டெஸ்ட். அதுக்கப்புறம் எடையை 4, 8, 12ஆவது வாரம் பார்க்கணும், சுகரும் பிரெஷரும் கொழுப்பும் 12ஆவது வாரம், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது. அமெரிக்க சுகர் சங்கமும் மனநல டாக்டருங்க சங்கமும் சேர்ந்து 2004ல சொன்ன அட்டவணை கிட்டத்தட்ட இதுதான். ஏற்கனவே குடும்பத்துல சுகர் இருந்தா இன்னும் அடிக்கடி.

என்னைக் கேட்டா முதல் ஒரு மாசம்தான் ரொம்ப முக்கியம். அந்த ஒரு மாசத்துல உடம்பு எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு ஏறிடுச்சுன்னா, அதாவது 60 கிலோ ஆளு 63 ஆயிட்டா, பின்னாடியும் நல்லா ஏறும்னு அர்த்தம், அடுத்த ரெவ்யூ வரைக்கும் காத்திருக்காம அப்பவே போய் சொல்லிடுங்க.

கணக்கு: வெறும் வயித்துல 100க்கு கீழ இருந்தா பரவாயில்ல, 100லருந்து 125 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம், 126ம் அதுக்கு மேலயும் சுகர். மூணு மாச டெஸ்ட்ல 5.7லருந்து 6.4 முந்தின கட்டம், 6.5ம் மேலயும் சுகர். தொந்தரவு ஒண்ணும் இல்லாத ஆளுக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, இன்னொரு தடவை பார்ப்பாங்க.

எங்க வீட்டுக்காரர் ஒல்லியாத்தான் இருக்காரு. அவருக்குமா?

ஆமாங்க. நம்ம ஊர் உடம்புக்கு அளவே வேற. உயரத்துக்கும் எடைக்கும் போடற பிஎம்ஐ கணக்குல 25 வரைக்கும் நார்மல்னு வெளிநாட்டுல சொல்லுவாங்க, நமக்கு 23 தாண்டினாலே கூடுதல், 25ன்னா பருமன். அதை விட சுலபம் இடுப்பு. தையல் டேப்பை தொப்புள் மட்டத்துல சுத்தி மூச்சை விட்டப்புறம் பாருங்க, ஆம்பளைக்கு 90 செமீ, பொம்பளைக்கு 80 செமீ தாண்டினா கவனிக்கணும். கை கால் குச்சியா இருந்து தொப்பை மட்டும் தள்ளியிருக்கற ஆளுங்க நம்ம எஸ்டேட் லைன்ல எத்தனை பேரு! ஸ்வெட்டருக்கு மேல அளக்காதீங்க, இந்த ஊர்ல அதையும் சொல்ல வேண்டியிருக்கு.

வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னா முடியல. காலையில எழுப்பவே முடியாது, பஸ் பிடிச்சு ஜிஹெச் போறதுக்குள்ள பத்து மணி ஆயிடுது.

எல்லா வீட்லயும் இதே கதைதான். ராத்திரி மாத்திரை மயக்கத்துல காலையில எட்டு மணிக்கு கூட தலை தூக்காது, பல்லு விளக்கினதும் டீ கேப்பாங்க, டீ உள்ள போச்சுன்னா அன்னைக்கு டெஸ்ட் போச்சு. அதனால டாக்டர்கிட்ட "ஹெச்பிஏ1சி எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, அதுக்கு பட்டினி வேண்டாம், எந்த நேரத்துலயும் எடுக்கலாம். கொழுப்பு டெஸ்ட்டும் பட்டினி இல்லாம எடுக்கலாம்னு இப்ப நிறைய டாக்டருங்க ஒத்துக்கறாங்க.

ஆனா இங்க நம்ம மலைக்குன்னே ஒரு எச்சரிக்கை இருக்கு. சிக்கிள் செல் ரத்தசோகை நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சு பதிவு பண்ணியிருக்காங்க. அந்த நோய் இருந்தா சிவப்பணு சீக்கிரமே செத்துடும், ஹெச்பிஏ1சி டெஸ்ட் சிவப்பணுல ஒட்டியிருக்கற சர்க்கரையைத்தான் அளக்குது, அதனால சுகர் அதிகமா இருந்தாலும் ரிசல்ட் கம்மியா காட்டிடும். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்கள்ல யாருக்காவது டெஸ்ட் எழுதினா சிக்கிள் செல் பார்த்தாச்சான்னு முதல்ல கேட்டுக்கோங்க, இருந்தா வெறும் வயித்து சுகர்தான் நம்பிக்கை. இரும்புச் சத்து குறைஞ்ச ரத்தசோகைன்னா நேர் எதிரா கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், தோட்ட வேலை செய்யற நம்ம பொம்பளைங்களுக்கு இது சாதாரணமா இருக்கற விஷயம்.

வீட்ல குளுக்கோமீட்டர் வாங்கினோம், ஊட்டி குளிர்ல ஒழுங்காவே வேலை செய்ய மாட்டேங்குது.

மீட்டர் மேல தப்பில்ல. பெரும்பாலான மீட்டர் 10 டிகிரிக்கு மேலதான் சரியா வேலை செய்யும், டிசம்பர் ஜனவரியில உறைபனி விழற காலையில வீட்டுக்குள்ளயே அதை விட கம்மியா இருக்கும், எர்ரர் காட்டிட்டு நிக்கும். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ஒரு கால் மணி நேரம் ஸ்வெட்டர் பாக்கெட்ல வச்சுட்டு எடுங்க, அடுப்பு மேல காட்டாதீங்க. விரலும் ஐஸ் மாதிரி இருந்தா ரத்தம் வராது, வெதுவெதுப்பான தண்ணியில கை கழுவி நல்லா துடைச்சுட்டு குத்துங்க, பிழிஞ்சு எடுத்தா ரிசல்ட் மாறும். ஸ்ட்ரிப் டப்பா மூடியை உடனே மூடணும், மழைக்கால ஈரத்துல ஸ்ட்ரிப் சீக்கிரம் கெட்டுடும்.

அக்கா எந்நேரமும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கா. நோயா, மாத்திரையா, சுகரா?

மூணுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம், அதனாலதான் டெஸ்ட் எடுக்காம முடிவு பண்ணக்கூடாது. மாத்திரையால வாய் வறண்டு போறது உண்டு, மூட் சரி பண்ண குடுக்கற லித்தியம் சாப்பிட்டாலும் தாகம் எடுக்கும். மனச்சிதைவுலயே சிலருக்கு அளவில்லாம தண்ணி குடிக்கற பழக்கம் வரும், அது ரொம்ப போனா ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகும். சுகரும் தாகத்தைத்தான் காட்டும். எங்க தம்பிக்கு ஒரு தடவை தாகம் அதிகமா இருக்குன்னு ஒரு ஆஸ்பத்திரியில சொன்னதுக்கு "அது அவரு நோய்ல இருக்கறதுதான்"னு ஒரு வரியில அனுப்பிட்டாங்க, எடையும் பார்க்கல விரலையும் குத்தல. மனநோய்னு சீட்டுல எழுதியிருந்தா உடம்பு சொல்றது எதுவுமே காதுல விழாத டாக்டருங்க இருக்காங்க, அங்க நாம கொஞ்சம் வாய் திறந்து "ஒரு ரேண்டம் சுகர் மட்டும் பார்த்துடுங்க சார்"னு நின்னே ஆகணும். சுகரும் உப்பும் ரெண்டும் பார்க்கச் சொல்லுங்க.

திடீர்னு குழப்பமா பேசறாரு. நோய் திரும்பிடுச்சா?

முதல்ல சுகர் பாருங்க. இதை மட்டும் பெரிய எழுத்துல எழுதி செவுத்துல ஒட்டலாம்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கற ஆளு வேர்த்து, கை நடுங்கி, எரிச்சல் பட்டு, சம்பந்தமில்லாம பேசினா அது லோ சுகரா இருக்கலாம். மீட்டர்ல 70க்கு கீழ இருந்தா, மீட்டர் இல்லன்னாலும் சந்தேகம் இருந்தா, நினைவு இருக்கும்போது மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க.

அதுக்கு எதிர்ப்பக்கம் சுகர் எக்கச்சக்கமா ஏறி ரத்தம் அமிலமாகற நிலைமை. க்ளோசபின், ஒலான்சபின் ஆரம்பிச்ச முதல் சில மாசத்துல, முன்னாடி சுகரே இல்லாத ஆளுக்குக் கூட அபூர்வமா வந்திருக்கு. நாலஞ்சு நாளா தாகம், ஓயாம ஒண்ணுக்கு, எடை மளமளன்னு இறங்கறது, அப்புறம் வாந்தி, வயித்து வலி, வேகமா ஆழமா மூச்சு, வாயில பழவாசனை, தூங்கி வழியறது. "மாத்திரை மயக்கம்"னு போர்வையைப் போத்தி படுக்க வச்சுட்டா உயிருக்கே ஆபத்து. நம்ம ரோட்ல கீழ இறங்கவே ரெண்டு மணி நேரம் ஆகும், அதனால விடியட்டும்னு பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கற ஜிஹெச்சுக்கு போய் அங்கயே டிரிப் போட ஆரம்பிக்கட்டும்.

சுகர் இல்லாத பொண்ணுக்கு மெட்ஃபார்மின் எழுதிட்டாங்க. எதுக்கு?

எடை ஏறாம தடுக்கத்தான். மனநல மாத்திரையால வர்ற எடைக்கு மெட்ஃபார்மின் பத்தி நல்லாவே ஆராய்ச்சி நடந்திருக்கு, சராசரியா ஒரு மூணு கிலோ வித்தியாசம் தெரியுது, மாயமந்திரம் இல்ல, ஆனா சும்மாவும் இல்ல. ஒலான்சபின் மாதிரி மாத்திரை ஆரம்பிக்கும்போதே கூட சேர்த்துடலாம்னு சமீபத்துல வந்த வழிகாட்டுதலே இருக்கு. சாப்பாட்டோட குடுங்க, முதல் ரெண்டு வாரம் வயிறு புரட்டும், பேதி ஆகும், டோஸை மெதுவா ஏத்தினா பழகிடும். கிட்னி டெஸ்ட் பார்த்துட்டு ஆரம்பிக்கணும், வருஷக்கணக்குல சாப்பிட்டா பி12 குறையும், அதையும் நடுவுல பார்க்கச் சொல்லுங்க. தனியா மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டா லோ சுகர் ஆகறது அரிது. ஒரு விஷயம் சொல்லிடறேன், கல்யாணம் ஆன பொண்ணா இருந்தா இது மாதவிலக்கை ஒழுங்காக்கி கர்ப்பம் தரிக்கற வாய்ப்பைக் கூட்டும், வேல்ப்ரோயேட்டும் சேர்ந்து ஓடுதுன்னா அது குழந்தைக்கு ஆகாத மாத்திரை, உடனே டாக்டர்கிட்ட பேசியே ஆகணும்.

டீ, வர்க்கி விட முடியாதே?

டீக்கு தொட்டுக்கற வர்க்கி நம்ம ஊர் பெருமைதான், 2023ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு, ஆனா மைதாவும் கொழுப்பும்தான் அது. தினமும் காலையும் சாயங்காலமும் நாலு நாலா தொட்டு சாப்பிடற ஆளு ஞாயித்துக்கிழமை ரெண்டுன்னு வந்தா போதும். பெரிய பிரச்சனை டீதான். வீட்ல ஒண்ணு, பேக்டரி கேட் கடையில ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணுன்னு எட்டு டீ ஓடும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா ஒரு நாளைக்கு பதினாறு ஸ்பூன், அதை யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கறதே இல்ல. தோட்டத்து ஊர்ல டீயை நிறுத்துன்னு சொல்றவங்க வேற ஊர்க்காரங்கதான். ஒரு டீக்கு போடற சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைச்சுக்கிட்டே வாங்க, நாக்கு பழகிடும், கடைக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க, வழக்கமா போற கடைன்னா அவரே பார்த்துப்பாரு. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன் எல்லாம் சுகருக்கு சர்க்கரைதான், அதுல தப்பிக்க வழியில்ல. வாய் வறட்சிக்கு பாட்டில் கூல்டிரிங்ஸ் குடிக்கற பழக்கம் வந்துடுச்சுன்னா அதைத்தான் முதல்ல நிறுத்தணும்.

கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் சாப்பிடக்கூடாதாமே? தோட்டத்துல விளையறதே அதுதான்.

கேரட் தாராளமா சாப்பிடலாம், மண்ணுக்கடியில விளையறதுன்னு சொல்லி அதை ஒதுக்க வேண்டாம். உருளைக்கிழங்கு மட்டும் சோத்துக்கு தொட்டுக்கறதா இல்லாம சோத்துக்கு பதிலா வரணும், சோறும் உருளைக்கிழங்கு பொரியலும் சேர்ந்து வந்தாதான் வம்பு. படுகர் வீடுகள்ல முன்னாடி ராகியும் சாமையும் அவரையும்தான் சாப்பாடு, இப்ப ரேஷன் அரிசி வந்து மூணு வேளையும் சோறு ஆயிடுச்சு. ராகியும் அளவோடதான், கஞ்சியா குடிச்சா சீக்கிரம் ஏறும், களியா கீரைக் குழம்போட சாப்பிட்டா நிதானமா ஏறும். கொடைக்கானல் பக்கத்து ஆளுங்க கேப்பாங்க, மலை வாழைப்பழம், பேரிக்காய், பிளம்ஸ்னு. ஒரு வேளைக்கு ஒரு பழம், ஜூஸ் போடாம.

நடக்கச் சொல்றாங்க. காலையில வெளிய போனா காட்டெருமை நிக்குது!

"காலையில ஆறு மணிக்கு வாக்கிங் போங்க"ன்னு சமவெளி டாக்டர் சொல்றது நம்ம ஊருக்கு ஒத்து வராது. குன்னூர், கோத்தகிரி தேயிலைக்குள்ள காட்டெருமையும் கரடியும், கூடலூர் பக்கம் யானையும், பனிமூட்டத்துல பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது, மாத்திரை மயக்கத்துல இருக்கற ஆளு வேகமா ஒதுங்கவும் மாட்டாரு. வெயில் வந்தப்புறம், மதிய சாப்பாடு முடிஞ்ச கையோட 15 நிமிஷம் நடந்தா அதுவே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறற சுகரை இறக்கும். தனியா அனுப்பினா போக மாட்டாங்க, அது சோம்பேறித்தனம் இல்ல, மனசு எதுலயும் இறங்காம இருக்கறது இந்த நோயோட ஒரு பகுதி. "வா, கடை வரைக்கும் போய் பால் வாங்கிட்டு வரலாம்"னா எங்க தம்பி கிளம்பிடுவான், "வாக்கிங் போ"ன்னா போர்வைக்குள்ள போயிடுவான். நம்ம மேட்டுல ஏறி இறங்கறதே நல்ல உடற்பயிற்சி. மழை நாள்ல அட்டை கடிக்கும், வீட்டுக்குள்ளயே படி ஏறி இறங்கட்டும்.

பீடியை விட்டா எடை கூடுமா?

கொஞ்சம் கூடும், ஆனாலும் விடறதுதான் இதயத்துக்கு நல்லது. அதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு, பீடி சிகரெட் புகை ஈரலைத் தூண்டி க்ளோசபின், ஒலான்சபின் ரெண்டையும் சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேத்திடும், திடீர்னு புகையை நிறுத்தினா அதே டோஸ் ரத்தத்துல கூடிப் போகும், மயக்கம், எச்சில் வழியறது, க்ளோசபின்ல வலிப்பு கூட வரலாம். ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாலும் இதே நிலைமைதான், அங்க பீடி கிடைக்காதே. அதனால விடப் போறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடுங்க, டோஸ் பார்த்து மாத்துவாங்க.

கால் மரத்துப் போன மாதிரி இருக்குன்னு சொல்றாரு.

சுகர் டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க. குளிர்னு எல்லாருக்கும் கால் மரக்கும்தான், ஆனா சுகர்ல நரம்பு கெட்டுப் போன காலுக்கு சூடு தெரியாது, கணப்புச் சட்டிக்குப் பக்கத்துல காலை நீட்டி உட்கார்ந்து தோல் வெந்து போன பிறகுதான் கவனிப்பாங்க. கையால தொட்டு சூடு பார்த்துட்டுத்தான் வெந்நீர் பையையும் குடுக்கணும். மூடின அறையில கரி அடுப்பு வைக்கவே வைக்காதீங்க, அந்தப் புகையில மூச்சடைச்சு செத்தவங்க நம்ம மலையில இருக்காங்க. ராத்திரி படுக்கும்போது சாக்ஸைக் கழட்டி விரலிடுக்கைப் பாருங்க.

நாட்டு மருந்து குடுக்கலாமா? சிறுகுறிஞ்சான் நல்லதுன்னு சொல்றாங்க.

சிறுகுறிஞ்சான் சுகரை ஓரளவு இறக்கும்னுதான் சொல்றாங்க, அதனாலதான் கவனம், சுகர் மாத்திரையோட சேர்த்தா லோ ஆகலாம். டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டு பண்ணுங்க. "இதுல எல்லாம் குணமாயிடும், அந்த மாத்திரையை நிறுத்து"ன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கம் போகாதீங்க.

இன்சுலின் போட ஆரம்பிச்சுட்டாங்க. வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல.

திறக்காத பாட்டிலுக்குத்தான் 2லருந்து 8 டிகிரி வேணும், அதை சொந்தக்காரங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயோ மருந்துக்கடையிலயோ வச்சு ஒண்ணொண்ணா வாங்கிக்கலாம். திறந்து போட்டுட்டிருக்கற பாட்டில் நம்ம ஊர் சாதாரண அறைச் சூட்டுல நாலு வாரம் தாங்கும், வெயில் படற ஜன்னல்ல வைக்காதீங்க, உறைபனி விழற ராத்திரியில கூரைக்குப் பக்கத்துலயும் வேண்டாம், உறைஞ்சு போன இன்சுலினை தூக்கித்தான் போடணும். இன்சுலினையும் மாத்திரை டப்பாவையும் வீட்ல ஒருத்தர் கையில வச்சுக்கோங்க. மனசு சரியில்லாத நாள்ல மொத்தமா போட்டுக்கற ஆபத்து நிஜமாவே இருக்கு, அதைப் பத்தி பேசத் தயங்காதீங்க. அன்னைக்கு சாப்பிடவே மாட்டேன்னு படுத்துட்டா வழக்கமான டோஸைப் போடாம டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

மழையில ரோடு போயிட்டா மாத்திரைக்கு என்ன பண்றது?

ஐப்பசி கார்த்திகையில மேட்டுப்பாளையம் ரோட்ல மண் சரியறது புதுசில்ல, 2009 நவம்பர் நிலச்சரிவுல எத்தனை பேர் செத்தாங்கன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வார மாத்திரை கையிருப்பு எப்பவும் இருக்கணும், மழைக்கு முந்தின ரெவ்யூலயே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல விட்டுப் போச்சுன்னா பழைய டோஸ்ல திரும்ப ஆரம்பிக்கவே கூடாது, கம்மியில ஆரம்பிச்சுத்தான் ஏத்தணும், டாக்டரைக் கேட்காம குடுக்காதீங்க.

எங்க போறது? ரெண்டு டாக்டர், ரெண்டு சீட்டு, ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்கு தெரியல.

சுகர், பிரெஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது, 2021லருந்து நடக்குது, உங்க ஏரியா கிராம சுகாதார நர்ஸ்கிட்ட பேரைக் குடுத்துடுங்க. மனநல மாத்திரைக்கு ஜிஹெச் மனநல ஓபி, மாவட்ட மனநலத் திட்டத்துல எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் டாக்டர் வர்றாருன்னு அங்கயே கேட்டுக்கோங்க. ராத்திரியில பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

ரெண்டு டாக்டரையும் ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கறது நம்மால முடியாது, ஒரே நோட்டை ரெண்டு பேர் மேசையிலயும் வைக்கலாம். பள்ளிக்கூட பிள்ளைங்க நாப்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்துல எல்லா மாத்திரையோட பேரும் மில்லிகிராமும், ஊசி போட்டா கடைசியா போட்ட தேதியும். அடுத்த பக்கத்துலருந்து தேதி, எடை, இடுப்பு, பிரெஷர், சுகர்னு அஞ்சு கட்டம். எடையை எப்பவும் ஒரே மெஷின்ல, ஷூவையும் ஸ்வெட்டரையும் கழட்டிட்டுப் பாருங்க, மருந்துக்கடை மெஷினா இருந்தாலும் பரவாயில்ல. மனநல டாக்டர் சுகர் பக்கத்தைப் பார்க்கலைன்னா நீங்களே திறந்து காட்டுங்க, சுகர் டாக்டர்கிட்ட முதல் பக்கத்தைக் காட்டுங்க, அவர் புது மாத்திரை எழுதினா அப்பவே அதுல ஏத்திடுங்க.